54-ன்னா என்னன்னு கேட்க ஒரு ஆள் வேணும்

நடுவர் அவர்களே, அல்சூர் ஏரிக்கரையில கூடியிருக்கிற பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

மென்பொருளுக்கும் இயந்திரத்துக்கும் கையேடு எழுதுறவர்தான் டெக்னிக்கல் ரைட்டர். எஞ்சினியர்கள் மத்தியில அவருக்குப் பேர் இல்லாம போனது திறமைக் குறைவாலயா, எஞ்சினியர்களோட அலட்சியத்தாலயா? அலட்சியம்தான்னு பேச வந்திருக்கேன். ஆனா எதிரணித் தலைவர் ஒண்ணு சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டுப் போனாரே, அதை விட்டுட்டு மேல போக மனசு வரலை. "சமைக்கிறது நாங்க. டெக்னிக்கல் ரைட்டர் பந்தியில இலை போடுறவர்"னாரு.

ஐயா, இலை போடுறது என்ன லேசுப்பட்ட வேலையா? நுனி, சாப்பிடுறவருக்கு இடது கைப்பக்கம் வரணும். மாத்திப் போட்டுப் பாருங்க, சம்பந்தி வீட்டுப் பெரியவர் கை நனைக்காம எழுந்துடுவாரு. உங்க சாம்பார் என்னதான் மணத்தாலும் அண்டாவுலயே கிடக்கும். சமைக்கிறவர் கண்ணு அடுப்பு மேல. உட்காரப் போறவர் யாருன்னு பார்க்கிறவர் இலை போடுறவர்தான்!

எஞ்சினியர் ஒரு ஏபிஐக்கு, அதாவது ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளை அழைக்கிற வழிக்கு, குறிப்பு எழுதுறாரு: "டைம்அவுட் – நேர வரம்பு, எண்." வாங்கினவர் முப்பது நொடின்னு நெனச்சு 30 போடுறாரு. ஆனா அங்க கணக்கு மில்லிசெகண்டுல, அதாவது நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு. ஒவ்வொரு அழைப்பும் பாதியில அறுந்து விழுது. நெட்வொர்க் கோளாறுன்னு நாள்கணக்குல தேடுறாங்க. நல்ல ரைட்டர் முதல்லயே கேட்டிருப்பாரு: அலகு என்ன? ஒண்ணும் போடலைன்னா எந்த எண்ணை எடுத்துக்கும்? 0 போட்டா உடனே நின்னுடுமா, முடிவே இல்லாம காத்துக்கிட்டு இருக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல நேரம் கோட் எழுதினவரே திறந்து பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவாரு.

இன்னொண்ணு. அஞ்சாவது படி: "பழைய டேட்டாபேஸை நீக்கவும்." ஆறாவது படி: "நீக்கும் முன் பேக்கப் எடுத்திருக்க வேண்டும்." படிக்கிறவர் வரிசையா செஞ்சுக்கிட்டே வர்றாரு. ஆறுக்கு வரும்போது டேட்டா போயே போச்சு. எச்சரிக்கை முன்னால, செயல் பின்னால. இது இந்தத் தொழிலோட அரிச்சுவடி. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100னு விதிமுறையே இருக்கு. செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது.

எஞ்சினியர் குறிப்புல கமாவை மட்டும் திருத்திக் கொடுக்கிற ரைட்டர் இருக்காங்க. மறுக்கலை. ரிலீஸுக்கு ரெண்டு நாள் முன்னாலதான் மென்பொருளையே கையில கொடுத்து, டெஸ்ட் மெஷினுக்கு அனுமதியும் கொடுக்கலைன்னா வேற எதைத் திருத்துவாங்க?

இப்ப 1986 மார்ச்சுக்கு வாங்க. அமெரிக்காவுல டெக்சாஸ், டைலர் நகரம், ஒரு புற்றுநோய் மையம். தெராக்-25ங்கிற கதிர்வீச்சு இயந்திரம். ஆபரேட்டர் எலக்ட்ரான் கதிருக்கான 'இ' அழுத்த வேண்டிய இடத்துல எக்ஸ்-ரேக்கான 'எக்ஸ்' அழுத்திட்டாங்க. சட்டுனு மேல போய்த் திருத்திட்டாங்க. எட்டு நொடிக்குள்ள திருத்தினா அந்த மென்பொருளுக்கு உறைக்காது. கதிரை விட்டாங்க. திரையில வந்தது "மால்ஃபங்ஷன் 54". கையேட்டுல 54க்கு விளக்கம் இல்லை. இயந்திரத்துப் பக்கத்துல இருந்த தாள்ல "டோஸ் இன்புட் 2". டோஸ், அதாவது கதிரோட அளவு, குறைவாத்தான் போயிருக்குன்னு திரை வேற காட்டுது. தொடர்றதுக்கு 'பி' விசை. அழுத்தினாங்க.

நடுவர் அவர்களே, உள்ள ஒரு மனுஷர் படுத்திருக்காரு. அளவுக்கு மிஞ்சின கதிரோட முதல் அடியில துடிச்சு எழப் பார்க்கிறாரு. அன்னைக்குக் கேமராவும் வேலை செய்யலை, இன்டர்காமும் வேலை செய்யலை. வெளியில இருக்கிறவங்க கையில இருந்தது ஒரே ஒரு எண்: 54. ரெண்டாவது தடவையும் பாய்ஞ்சுது. அஞ்சு மாசத்துல உயிர் போச்சு. ஏப்ரல்ல அதே இயந்திரம், அதே 54, இன்னொரு உயிர். அப்புறம்தான் விளக்கம் வருது: டோஸ் கூடிப்போனாலும் 54, குறைஞ்சுபோனாலும் 54. கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் ஒரே எண்ணுங்க!

கோளாறு மென்பொருள்ல இருந்தது. கையேடு அதைச் சரிபண்ணியிருக்காது. ஆனா "54-ன்னா கூடுதலா குறைவா? வந்தா 'பி' அழுத்தணுமா, நோயாளியை இறக்கணுமா?"ன்னு கேட்டு, பதில் வர்ற வரைக்கும் பக்கத்தை மூடாத ஒரு ஆள் அந்த டிசைன் மேசையில இருந்திருக்கணுமா இல்லையா?

அவ்வளவு தூரம் ஏன்? நம்ம வீட்டு அம்மாக்கள் இன்சுலின் பேனா குத்திக்கிறாங்க. பல பேனாக்களோட தாள்ல ஒரு வரி இருக்கும்: பொத்தானை முழுசா அழுத்தி, பத்து எண்ணுற வரைக்கும் ஊசியை எடுக்காதீங்க. எடுத்தா மருந்து தோல் மேலயே சொட்டிடும். பிள்ளை ஷிஃப்டுக்குப் போயிருக்கான். டாக்டரும் பக்கத்துல இல்லை. அந்த வரிதான் அம்மா கூட இருக்குது. எழுதினவர் பேர் அந்தத் தாள்ல எங்கயும் இருக்காது. அந்தப் புண்ணியவானையா இலை போடுறவர்னு சிரிக்கிறது?

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்க விருப்பம். எதிர்ல உட்கார்ந்திருக்கிற எஞ்சினியர் தம்பிங்க கிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். நாளைக்கு ஒயிட்ஃபீல்டுலயோ எலெக்ட்ரானிக் சிட்டியிலயோ டிசைன் ரிவ்யூவுக்கு அழைப்பு அனுப்புறப்ப, உங்க ரைட்டர் பேரையும் அதுல சேருங்க. கடைசி ரிவ்யூவுக்கு வேண்டாம், முதல் ரிவ்யூவுக்கே சேருங்க. நன்றி, வணக்கம்.