கழுத்து உப்பிய பச்சைப்பாம்பு

எல்லோருக்கும் வணக்கம். உங்கள் குழுவுக்கு வரும் ஊர்வன படங்களை எப்படிப் பார்ப்பது, எடுத்தவரிடம் எப்படிக் கருத்துச் சொல்வது என்று இன்று பேசப்போகிறேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் திரையில் இருக்கும் படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

பச்சைப்பாம்பு. உங்களில் சிலர் கண்கொத்திப் பாம்பு என்பீர்கள். வாயை நன்றாகப் பிளந்திருக்கிறது. கழுத்து உப்பியிருக்கிறது. செதில்கள் விலகி, இடையிலே கறுப்பும் வெள்ளையுமாகத் தோல் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. கண் துல்லியம். பின்னணி சுத்தம். 12 வருடங்களுக்கு முன்னால் நான் எடுத்த படம் இது. பார்த்தவர்கள் எல்லோரும் "அருமை" என்றார்கள். சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தேன்.

பாம்பு பிடிப்பதையே தொழிலாகச் செய்த இருளர் பெரியவர் ஒருவரிடம் ஒருநாள் அதைக் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப பயந்துபோயிருக்கே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். படத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

நான் என்ன செய்திருந்தேன்? கூட வந்த நண்பரை ஒரு குச்சியை அதன் முகத்துக்கு நேரே ஆட்டச் சொல்லியிருந்தேன். பச்சைப்பாம்பின் பிழைப்பே கொடியோடு கொடியாகக் கிடப்பதில்தான் இருக்கிறது. ஒளிந்திருந்து பயனில்லை என்றான பிறகுதான் உடம்பை உப்பவைத்து, வாயைப் பிளந்து, தன்னைப் பெரிதாகக் காட்டும். நான் அழகு என்று மாட்டி வைத்திருந்தது அதன் பயத்தை. படத்தைக் கழற்றிவிட்டேன்.

அதனால்தான் இப்போது யார் ஊர்வன படம் கொண்டுவந்தாலும், முதலில் அந்த உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறேன். நல்லபாம்பு படமெடுத்து நின்றால் அது மிரண்டிருக்கிறது. பச்சோந்தி கறுத்து, உடம்பை உப்பவைத்து வாயைத் திறந்தால் அதற்கும் பயம்தான். எடுத்தவரிடம், "எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள்? நீங்கள் கிளம்பும்போது அது என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோலக் கேட்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, அன்றைக்கு எனக்கும் தெரியாது.

இதற்கு அப்புறம்தான் கேமரா விஷயம்.

பச்சைப்பாம்புப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்று உண்டு. மூக்கு நுனி கத்திபோலக் கூர்மையாக இருக்கும், கண் மங்கியிருக்கும். பச்சைப்பாம்புக்கு மூக்கு நீளம். எதிரே நின்று எடுத்தால் ஆட்டோ ஃபோகஸ் பக்கத்தில் இருக்கும் நுனியைப் பிடித்துக்கொள்ளும். சின்ன உயிர்களை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸில் கிட்டே போகும்போது தெளிவாக விழுவது சில மில்லிமீட்டர் ஆழம்தான். இப்படி ஒரு படம் வந்தால் "ஃபோகஸ் சரியில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அடுத்த முறை அவர் என்ன செய்வார்? "பக்கவாட்டில் வாருங்கள், தலை முழுக்க லென்ஸுக்கு இணையாக வரட்டும், ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் வையுங்கள், லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 8 அல்லது 11-க்குப் போங்கள், தெளிவாக விழும் ஆழம் கூடும்" என்று சொல்லுங்கள். அந்தக் கண்மணி சாவித்துவாரத்தைப் படுக்கவைத்ததுபோல இருக்கும். அது தெளிவாக விழுந்துவிட்டால் படத்துக்கு உயிர் வந்துவிடும்.

ஓணான் படமென்றால் பாதிப்பேர் நின்றபடியே கீழ்நோக்கி எடுத்திருப்பார்கள். அதில் முதுகும் தரையும்தான் இருக்கும். வயிறு மண்ணில் படப் படுத்து, அதன் கண்மட்டத்துக்கு வந்தால் பின்னணி தூரம் போய்விடும், ஓணானுக்கும் ஒரு கம்பீரம் வரும். வாலையும் கவனியுங்கள். உடம்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் நீளம் அது. முழு வாலையும் சேர்த்து எடுக்கலாம், இல்லை தலையோடு நிறுத்தலாம். நடுவாலில் வெட்டினால் கை தவறியதுபோல இருக்கும்.

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். குளிர்ந்தால் ஊர்வனவற்றால் வேகமாக நகர முடியாது. அதற்காகப் பல்லியையும் ஓணானையும் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, இலைமேல் உட்காரவைத்துப் படம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். உங்கள் குழுவிலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நட்சத்திர ஆமை எடுத்தால் இடத்தைச் சொல்லாதீர்கள், படத்தோடு பதிவாகும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். கடத்தல் அவ்வளவு நடப்பதால்தான் 2019-இல் அதை, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள். விரியன் வகைகளுக்கு நீள லென்ஸ், நல்ல தூரம். இதில் பேரமே கிடையாது.

இப்போது அடுத்த படம். இதுவும் பச்சைப்பாம்புதான், போன மழைக்காலத்தில் எடுத்தது. வாய் மூடியிருக்கிறது, கழுத்து கொடிபோல மெலிந்திருக்கிறது. நாக்கை மட்டும் நீட்டி, ஆட்டாமல் அப்படியே வைத்திருக்கிறது. சட்டென்று பார்த்தால் பாம்பே தெரியாது, இலைகள்தான் தெரியும். முன்னால் இருக்கும் ஒரு இலை வாலை மறைக்கிறது, அதை நான் விலக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து நான் எழுந்து வந்தபோதும் அது அதே கிளையில், அதே மாதிரிதான் கிடந்தது.

சரி, உங்கள் படங்களைப் பார்க்கலாம். யார் முதலில் போடுகிறீர்கள்?