பூனைக் காப்பகத்தின் நாள்கணக்கு

நேயர்களுக்கு என் வணக்கம். சென்னைப் புறநகரில் தெருப்பூனைகளுக்கான காப்பகம் ஒன்றையும், அதை ஒட்டிய சிறு மருத்துவமனையையும் நடத்திவரும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் இன்று உங்களிடம் பேசுகிறேன். எங்கள் இடத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை பூனைகள் இருக்கின்றன என்பதுதான். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அவர்களுக்கு மகிழ்ச்சி. எனக்கோ, ஒரு பூனை எங்களிடம் எத்தனை நாள் தங்குகிறது என்பதில்தான் கவலை.

கணக்கு எளியது. நாளொன்றுக்கு 2 குட்டிகள் வந்து, ஒவ்வொன்றும் 40 நாள் தங்கினால் 80 இடம் வேண்டும். 20 நாளில் நல்ல வீடு பார்த்து அனுப்ப முடிந்தால் 40 இடம் போதும். கூண்டுகளை வாங்கிக் குவிப்பதைவிட நாட்களைக் குறைப்பதே சரியான வழி என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எங்கள் முதல் மழைக்காலத்தில், நள்ளிரவில் செருப்புப் பெட்டியில் வந்த மூன்று குட்டிகளை, தனியறையில் இடமில்லாததால், மற்றக் குட்டிகள் இருந்த அறையிலேயே வைத்தோம். ஐந்தாம் நாள், அவற்றில் ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டு, குடிக்கவும் முடியாமல் விலகவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பான்லூக்கோபீனியா என்னும் நச்சுயிரி நோய்க்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும் அந்நோய், அந்த மாதத்தில் எங்கள் குட்டிகளில் பாதிக்குமேல் கொண்டுபோயிற்று.

அன்றுமுதல் எந்தப் பூனை வந்தாலும், வந்த அன்றே தடுப்பூசி, பிறகு 14 நாள் தனியறை. அங்கே வேலை செய்பவருக்குத் தனிச் செருப்பு, தனி மேலங்கி, தனித் துடைப்பம். தனியறை நிரம்பிவிட்டால், வாசலில் நிற்பவர் எவ்வளவு கெஞ்சினாலும், வீட்டில் வைத்துப் பராமரிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். ஏசுகிறவர்கள் உண்டு, ஏசட்டும். அந்த நச்சுயிரி தரையிலும் துணியிலும் ஓராண்டுவரைகூட உயிர்ப்போடு கிடக்கும்; கையில் தேய்க்கும் சானிடைசருக்கு அது அசையாது. முதலில் சோப்பு நீரால் அழுக்கைப் போக்கிவிட்டு, கடையில் பிளீச் என்று கிடைக்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு பங்கை 32 பங்கு நீரில் கலந்து, தரையில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் அந்த மருந்துக்கு வலுவிராது.

நம் வீடுகளில் வழக்கமான பினாயிலைப் பூனைகள் உள்ள இடத்தில் பயன்படுத்தக் கூடாது. பீனால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே கேடு வரலாம். இதே குறையால்தான் பாராசிட்டமாலும் அதற்கு நஞ்சாகிறது. காய்ச்சல் என்று எண்ணி யாரோ அன்போடு கொடுத்த அரை மாத்திரையால், ஈறுகள் பழுப்பேறி, முகம் வீங்கி மூச்சுத் திணறியபடி வந்த பூனைகளை மேசையில் கிடத்திப் போராடியிருக்கிறேன், எல்லாம் பிழைக்கவில்லை.

மருத்துவமனையின் பெரும்பங்கு வேலை கருத்தடை அறுவைதான். பெட்டைக்குட்டி நான்காம் மாதத்திலேயே பருவமடையக்கூடும். சினைக்காலமோ இரண்டே மாதம். ‘ஆறு மாதம் கழித்துக் கொண்டுவாருங்கள்’ என்று சொல்லித் தத்துக் கொடுத்த காலத்தில், பலர் வரவில்லை. சிலர் பேரக்குட்டிகளோடு வந்தார்கள். இப்போது ஒரு கிலோ எடை வந்ததும் அறுவை செய்தே அனுப்புகிறோம். அவ்வளவு சிறிய உடல் மயக்கத்தில் விரைவாகக் குளிர்ந்துவிடும் என்பதால், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைக்கிறோம். இரவு முழுக்கப் பட்டினி போடாமல், சில மணி நேரத்துக்கு முன்வரை உணவு கொடுக்கிறோம்.

தங்கும் நாள் குறைய வேண்டுமென்றால், வரவே வேண்டாத குட்டிகள் வராமலிருப்பதும் முக்கியம். மாடிப்படிக்கு அடியில் குட்டிகள் தனியே கிடந்தால், தாய் கைவிட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இரைதேடிப் போயிருக்கும். நாம் பக்கத்தில் நிற்கும்வரை திரும்பாது. உடல் சில்லிட்டிருந்தாலோ, எறும்பு மொய்த்திருந்தாலோ, காயம்பட்டிருந்தாலோ உடனே எடுத்துவாருங்கள். குட்டிகள் கதகதப்பாக, வயிறு நிறைந்து உறங்கினால், அவற்றைச் சுற்றிச் சற்றுத் தள்ளிக் கோலமாவை வட்டமாகத் தூவிவிட்டு விலகிவிடுங்கள். அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரும், கல்மாவே நல்லது. சில மணி நேரம் கழித்து மாவில் தாயின் காலடி பதிந்திருந்தால் குட்டிகள் அங்கேயே இருக்கட்டும். தாய்க்குத் தினமும் ஒரு கிண்ணம் சோறும் மீனும் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, தாயையும் குட்டிகளையும் சேர்த்தே அறுவைக்குக் கொண்டுவாருங்கள்.