மணலிலும் தழைக்கும் பருப்புக்கீரை

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் எங்கள் கொல்லை முழுவதும் மணல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அங்கிருந்த முருங்கையும் வாழையும் சாய்ந்தன. சில வாரங்கள் கழித்து, அந்த வெற்று மணலில் யாரும் விதைக்காமலே முதலில் தலைகாட்டியது பருப்புக்கீரைதான். அதுவரை களையென்று பிடுங்கி எறிந்துவந்த நான், அன்று முதல் அதைத் தொட்டியில் வைத்து வளர்த்துவருகிறேன்.

சாக்கடை ஓரத்தில் முளைத்ததைப் பறித்துச் சமைக்க வேண்டாம். தூய்மையான இடத்திலிருந்து விரல் நீளத் தண்டு ஒன்றை எடுத்துவந்து, மணலும் மட்கிய சாணமும் கலந்த அரை அடி ஆழத் தொட்டியில், ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். நல்ல வெயில் வேண்டும். நீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும். பறிக்கும்போது அடியில் இரண்டு கணுக்களை விட்டுக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். இதைப் போலவே தரையோடு படரும் சித்திரப்பாலாடையைக் கிள்ளினால் பால் வடியும். பருப்புக்கீரையில் வெறும் நீர்தான் கசியும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது இதன் புளிப்பு. நீர் குறைந்த காலத்தில் இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் இழுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேமித்துவைக்கிறது. ஆகவே, கோடையில் விடியற்காலையில் பறித்த கீரை நன்றாகப் புளிக்கும். பகலில் அந்த அமிலம் செலவாகிவிடுவதால், அன்றே மாலையில் அதே செடியில் பறித்தால் அந்தப் புளிப்பு குறைந்திருக்கும். பாசிப்பருப்போடு கூட்டு வைக்க எங்கள் வீட்டில் மாலைக் கீரையைத்தான் பறிப்போம். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் மிகுந்த கீரை என்பதால் வேகவைத்த நீரை வடித்துவிடுவது நல்லது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உண்ண வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்பே விதை சேர்த்துவிடுங்கள். முதிர்ந்த காயின் மேல்பாதி குங்குமச் சிமிழின் மூடிபோலக் கழன்றுகொள்ளும். உள்ளே கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள் இருக்கும். செடியை ஒரு தாளின்மேல் மெல்லத் தட்டினாலே கொட்டிவிடும். அவை முளைக்க வெளிச்சம் வேண்டும். எனவே மாசியில் ஈரமண்ணின்மேல் தூவி, மண்ணால் மூடாமல் உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள்.