திருப்பத்தில் பிடி விடாத படகு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பட்டிமன்றம் கேட்டே பழகிய காரைக்குடி ஆச்சிமார்களே, பெரியோர்களே, வணக்கம்.

அதிவேக மோட்டார் படகு வாங்குகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியது ஸ்டெப், அதாவது குறுக்கே படி போல வெட்டு, வைத்த அடிப்பாகமா, ஸ்டெப் இல்லாத நேர் அடிப்பாகமா என்பது தலைப்பு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறித் தொழில் செய்தவர்களின் ஊர் இது. இன்றைக்கு துபாயிலும் ஃபுளோரிடாவிலும் இருக்கிற பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, "அப்பச்சி, படகு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். அதில் ஏறப்போவது நம் பேரப்பிள்ளைகள். அதனால் நேர் அடிப்பாகம்தான் வேண்டும் என்று இந்த அணியில் நிற்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஸ்டெப்பின் பெருமையை அழகாகச் சொன்னார். அதில் உண்மையும் இருக்கிறது. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிற கண்ணாடித் தகடு இரண்டு ஈரத்தோடு ஒட்டிக்கொண்டால் லேசில் பிரியாது; ஓரத்தில் காற்று புகுந்தால்தான் விடும். படகின் அடியையும் தண்ணீர் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. அடிப்பாகத்தின் குறுக்கே ஒரு வெட்டு வைத்தால், வேகம் ஏறும்போது இரண்டு பக்கமும் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நனைகிற பரப்பு குறையும், உராய்வு குறையும். அதே என்ஜினில் வேகம் கூடும், எரிபொருளும் மிச்சமாகும். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பலன் எப்போது கிடைக்கும்? 1872-லேயே ராமுஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இந்த யோசனையைச் சொன்னதைத் தம்பி எடுத்துக்காட்டினார். மிச்சக் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பிரிட்டிஷ் கடற்படைக்காக வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் சிறிய மாதிரிப் படகு செய்து தண்ணீரில் இழுத்துப் பார்த்தார். அன்றைய நீராவி என்ஜின் எட்டக்கூடிய வேகத்தில் அந்த அடிப்பாகம் சாதாரணக் கப்பலைவிடத் தண்ணீரோடு அதிகமாக மல்லுக்கட்டியது. வேகம் வந்தால்தான் ஸ்டெப் உதவும். வராதவரை அது தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும். குடும்பத்தோடு போகிறவர் துறையை விட்டு வெளியே வரும்போதும் கால்வாய்க்குள் போகும்போதும் மெதுவாகத்தானே போகிறார்?

இதைவிடப் பெரிய விஷயம் திருப்பம். நடுவர் அவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆழமான 'வி' வடிவ நேர் அடிப்பாகம் நீளமாகத் தண்ணீரில் பதிந்து ஓடுகிறது. திருப்பினால் உள்பக்கம் சாய்ந்து, அந்த நீளம் முழுவதும் பிடித்துக்கொண்டு திரும்பும். ஸ்டெப் வைத்தது அப்படியில்லை. அடிப்பாகத்தில் தண்ணீர் படுகிற இரண்டு மூன்று சிறு திட்டுகளின் மேல் ஓடுகிறது. பின்பகுதி காற்றோடு லேசாக மிதக்கிறது. வேகத்தில் வெட்டித் திருப்பினால் உள்பக்கத்தில் காற்றை இழுக்கிற வாய் தண்ணீரில் மூழ்கிவிடலாம். அந்த நேரத்தில் பயந்துபோய் த்ராட்டிலை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியை, சட்டென்று குறைத்தால் மூக்கு தாழும், முன்திட்டு தண்ணீரைக் கவ்வும், பின்பக்கம் பிடியை விட்டு வெளியே வீசும். படகு ஒரே சுற்றாகச் சுற்றிவிடும். உள்ளே இருப்பவர்கள் கடலில் போய் விழுவார்கள்.

பயந்தால் கை த்ராட்டிலைக் குறைப்பது இயல்பு. காரிலும் அதைத்தான் செய்கிறோம். அந்த இயல்பையே தண்டிக்கிற படகைப் புதிதாக ஓட்டுகிறவர் கையில் கொடுக்கலாமா? திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறை, ட்ரிம்மை, அதாவது படகின் மூக்கு ஏறி இறங்குகிற அளவை, சரிசெய், நடுவில் த்ராட்டிலை விடாதே என்றெல்லாம் பயிற்சி கொடுப்பார்கள். படகு வாங்கியவர் ஒருவர்தான் அந்தப் பயிற்சியை எடுப்பார். மச்சானும் சித்தப்பா மகனும் "ஒரு ரவுண்டு குடு" என்று ஸ்டியரிங்கை வாங்குவார்களே, அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

மைக்கேல் பீட்டர்ஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள் என்று தம்பி சொன்னார். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் சரிசெய்ய வேண்டிய குறை இருந்தது என்பதும் அதில் வந்துவிடுகிறது. பழைய படகுச் சந்தையில் நிற்கிற ஆரம்பகால ஸ்டெப் படகுகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. முதல் படகைப் பழையதாக வாங்குகிறவர்கள்தான் நிறையப் பேர்.

நேர் அடிப்பாகம் என்றால் பின்தங்கியது என்று நினைக்க வேண்டாம். 1960-ல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவிலுள்ள நாசோ நகருக்கு நடந்த பந்தயத்தில், கொந்தளித்த கடலில், ரே ஹன்ட் வடிவமைத்த ஆழமான 'வி' படகு 'மாப்பி'யை ஓட்டி ரிச்சர்ட் பெர்ட்ராம் ஜெயித்தார். அதில் ஸ்டெப் கிடையாது. அலையைப் பிளந்து போகிற அந்த வடிவத்தை வைத்துத்தான் பின்னால் எத்தனையோ கம்பெனிகள் படகு கட்டின.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டெப் படகை ட்ரெய்லரில் ஏற்றினால் தாங்குகட்டை சரியான இடத்தில் உட்கார வேண்டும். கிரேனில் தூக்கினால் பட்டை வெட்டின் விளிம்பில் மாட்டக்கூடாது. நம் தொண்டிப் பக்கத்துப் பாக் விரிகுடா போல ஆழம் குறைந்த கடலில் தரை தட்டினால் அந்த விளிம்புக்கும் ஆபத்து.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. எட்டுப் பேர் ஏறி, டேங்க் நிறைய எரிபொருளோடு, ஓட்டிப் பழகாத பிள்ளை வேகத்தில் திருப்பும்போது பயந்து த்ராட்டிலை விட்டுவிட்டால், உங்கள் படகு என்ன செய்யும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு நீங்கள் தீர்ப்பைக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.