ராத்திரியானா சிசிடிவி கேமரா மங்குதா? முதல்ல ஐஆரை அணைச்சுப் பாருங்க

வணக்கம். பகல்ல கேட்டுக்கு வெளிய நிக்கிற வண்டியோட நம்பர் வரைக்கும் பளிச்சுனு தெரியுது, இருட்டினதும் திரை பூரா சாம்பிராணி போட்ட மாதிரி ஆயிடுது. மழைக்காலம் வந்தா இந்தப் புகார் கூடிடும். உடனே புது கேமரா வாங்கக் கிளம்பாதீங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு சோதனை பண்ணிடலாம்.

நல்லா இருட்டினப்புறம் போர்டிகோ லைட்டைப் போடுங்க. இப்ப கேமரா மெனுவுல இமேஜ் பகுதிக்குப் போய் ஐஆர் லைட்டை, அதாவது இருட்டுல பாக்கிறதுக்காகக் கேமராவோட எல்இடி அடிக்கிற அகச்சிவப்பு வெளிச்சத்தை, ஆஃப் பண்ணுங்க. அந்த வசதி இல்லாத கேமராவா? கருப்பு இன்சுலேஷன் டேப்பைக் கிழிச்சு எல்இடி மேல மட்டும் ஒட்டுங்க, லென்ஸை மறைச்சிடாதீங்க. இப்பப் படத்தைப் பாருங்க. வெளிச்சம் கம்மியா இருந்தாலும் புகை விலகிடுச்சுன்னா, கேமராவோட சொந்த வெளிச்சமே அதோட கண்ணுல திரும்ப அடிக்குதுன்னு அர்த்தம். ஐஆர் அணைஞ்சும் மங்கல் அப்படியே இருந்தா, கண்ணாடியில அழுக்கோ ஈரமோ இருக்கணும், இல்லேன்னா ஃபோகஸ், செட்டிங்.

முதல் வகைதான் அதிகம். டோம் கேமராவா, அதாவது கிண்ணம் மாதிரி பிளாஸ்டிக் மூடி போட்டதா இருந்தா இதைக் கவனிங்க, கிட்டத்துல காட்டுறேன். லென்ஸைச் சுத்தி கருப்பா ஒரு வளையம் இருக்கு பாருங்க, ரப்பரோ ஸ்பாஞ்சோ. மூடியைப் போட்டதும் இது உள்பக்கமா டோமை ஒட்டி அழுத்தணும். எல்இடி வெளிச்சம் டோமுக்குள்ளயே பட்டு லென்ஸ் பக்கம் வராம தடுக்கிற அணை இதுதான். மூடியைக் கழட்டித் துடைச்சு மாட்டும்போது இது ஒரு பக்கம் மடங்கினாலோ, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலோ போதும், ராத்திரிப் படம் போச்சு. பகல்ல எந்த வித்தியாசமும் தெரியாது, அதனால யாரும் இதைச் சந்தேகப்பட மாட்டாங்க. வளையத்தை நேரா உட்கார வச்சு மூடுங்க. வளையம் பொடிஞ்சு போச்சுன்னா கருப்பு ஸ்பாஞ்ச்ல அதே அளவுக்கு வெட்டி வச்சுக்கலாம்.

டோம் பிளாஸ்டிக்ல கீறல் விழுந்திருந்தாலும் இதே மங்கல்தான். காய்ஞ்ச துணியால தூசியைத் தேய்ச்சா கீறல் விழும். முதல்ல தண்ணி ஊத்தித் தூசியைக் கழுவி விட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. ஜன்னலுக்கு அடிக்கிற கிளீனர், தின்னர், கொசு ஸ்ப்ரே எதுவும் டோம் பக்கமே வேண்டாம், பிளாஸ்டிக் பூத்துப் போயிடும். நீளமா உருளை மாதிரி இருக்கிற புல்லட் கேமராவோட முகப்பு பெரும்பாலும் கண்ணாடிதான், அதுல ஐசோபுரோபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு பயன்படுத்தலாம். வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருந்தா, கேமரா முகப்புல சுண்ணாம்புப் பொட்டு இருக்கான்னும் பாத்துக்கோங்க.

அடுத்தது ஒட்டடை. லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னாடி ஒரே ஒரு இழை தொங்கினாலும் ஐஆர்ல அது ட்யூப்லைட் மாதிரி மின்னும். வாரம் ரெண்டு தடவை ஒட்டடைக் கம்பால தட்டிவிடுங்க. அதுவும் சரிப்படலேன்னா தனியா ஒரு ஐஆர் இல்லுமினேட்டர் (ஐஆர் விளக்கு) வாங்கி மூணு நாலு அடி தள்ளி மாட்டி, கேமராவோட ஐஆரை நிரந்தரமா ஆஃப் பண்ணிடுங்க. ஒட்டடை லைட் பக்கம் கட்டும், படம் தப்பிச்சுக்கும். வாங்கும்போது 850 நானோமீட்டர் அலைநீளம் உள்ளதாக் கேளுங்க. அது எரியும்போது மங்கலாச் சிவப்பு தெரியும், ஆனா தூரம் போகும். 940-ல சிவப்பே தெரியாது, தூரமும் குறைவு.

கேமரா மாட்டின இடத்தையும் பாருங்க. பக்கத்துச் சுவரோ சன்ஷேடோ படத்தோட ஓரத்துல வெள்ளையா எரியுதுன்னா, கேமரா அந்த வெளிச்சத்தைப் பாத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கிடும். சுவர் படத்துல வராத அளவுக்குத் திருப்புங்க. புல்லட்டோட மேல்மூடி ரொம்ப முன்னாடி தள்ளியிருந்தாலும் இதேதான், கொஞ்சம் பின்னால இழுத்து திருகை இறுக்குங்க.

இப்ப புகை மாதிரி இல்லாம, எழுத்தே தெளியாத கேஸ். கண்ணாடி சுத்தமா இருக்கு, அப்படியும் மங்கலா? ஃபோகஸைப் பாருங்க. சாதாரண லென்ஸ்ல அகச்சிவப்பு ஒளி குவியுற இடம் வேற, கண்ணுக்குத் தெரியுற ஒளி குவியுற இடம் வேற. மாட்ட வர்றவங்க மத்தியானம் ஃபோகஸ் வச்சிட்டுப் போயிடுவாங்க, ராத்திரி அது நழுவும். 2.8 - 12 மி.மீ. வேரிஃபோக்கல் (திருகி மாத்தக்கூடிய) லென்ஸ்னா ராத்திரி ஐஆர் எரியுறப்ப, கேட்டுல ஒரு காலண்டர் அட்டையைத் தொங்கவிட்டு எழுத்து தெளியுற வரைக்கும் ஃபோகஸ் திருகைத் திருப்புங்க. காலையில ஒரு தடவை சரிபாருங்க. பகல் படம் லேசா மென்மையானா விட்டுடலாம். 3.6 மி.மீ. மாதிரி ஃபிக்ஸட் (மாத்த முடியாத) லென்ஸைத் திறந்தா வாட்டர் சீல் போயிடும், வாரண்டியும் போயிடும். கடைசி வழியா மட்டும் வச்சுக்கோங்க.

படம் மங்கலா இல்ல, இருட்டா இருக்கா? சாயங்காலம் கேமரா கிட்ட நின்னா 'டிக்'னு ஒரு சத்தம் கேக்கணும். உள்ள ஐஆர் கட் ஃபில்டர், அதாவது பகல்ல அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கிற சின்னக் கண்ணாடி, விலகுற சத்தம். அது மாட்டிக்கிட்டா எல்இடி எரிஞ்சும் படம் இருட்டா இருக்கும். திறந்த நிலையில மாட்டினா பகல்ல மரத்து இலையெல்லாம் ஊதாவாத் தெரியும். மெனுவுல டே, நைட்னு பத்துத் தடவை மாத்தி மாத்திப் போட்டா சில சமயம் விடுபடும்.

ராத்திரி படம் மினுக்குது, கேமரா அடிக்கடி அணைஞ்சு வருதுன்னா கரண்ட் பிரச்சனை. ஐஆர் எரியும்போது கேமரா இழுக்கிற ஆம்பியர் ஏறும். மெல்லிசான 3+1 கேபிள் (கரண்டும் படமும் சேர்ந்து போற கேபிள்) 40 மீட்டர் போனா நுனியில 12 வோல்ட் இருக்காது. மல்டிமீட்டரைக் கேமரா பக்கத்து ஜாக்குல, ஐஆர் எரியுறப்பவே வச்சுப் பாருங்க. பகல்ல அளந்தா ஏமாத்தும். 10.8 வோல்ட்டுக்குக் கீழ போனா கேமரா பக்கத்துலயே தனி அடாப்டர் போடுங்க.

நிக்கிற ஆள் தெளிவு, நடந்தா மட்டும் பேய் மாதிரி இழுபடுறார்னா, ஷட்டர்தான் காரணம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சம் வாங்குற நேரம். ஆட்டோல விட்டா இருட்டுக்கு 1/12 விநாடி வரைக்கும் இறங்கும். அந்த நேரத்துல சாதாரணமா நடக்கிறவர் அரைச் சாண் நகர்ந்திடுவார், முகம் எப்படித் தெரியும்? 1/50-ல பூட்டுங்க. படம் கொஞ்சம் இருட்டும், புள்ளி வரும், பரவாயில்ல. டிஎன்ஆர் (புள்ளியைக் குறைக்கிற செட்டிங்) 50-ல இருந்தா 25, 30-க்கு இறக்குங்க. அது புள்ளியைத் துடைக்கிற சாக்குல முகத்தையும் துடைச்சிடும். கிட்ட வந்தா முகம் வெளுக்குதுன்னா ஸ்மார்ட் ஐஆரை ஆன் பண்ணுங்க, ஆள் கிட்ட வந்தா அது வெளிச்சத்தைக் குறைச்சுக்கும்.

கட்டம் கட்டமா உடையுதுன்னா பிட்ரேட், அதாவது விநாடிக்குப் பதிவாகுற டேட்டா அளவு. எச்.265, எச்.264-ன்னு வீடியோவைச் சுருக்குற முறை ரெண்டு இருக்கும்; 2 மெகாபிக்சலுக்கு எச்.265-ல 2048 கேபிபிஎஸ், எச்.264-ல 4096 வைங்க. 2048-ல ஒரு கேமரா நாளைக்கு சுமார் 22 ஜிபி எடுக்கும், நாலு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் பதினோரு நாள் வரும். அதுக்கு முன்னாடி ஃபோன் ஆப்ல எச்டி பட்டனை அமுக்கிப் பாருங்க, நீங்க பாக்கிறது சப் ஸ்ட்ரீமா, அதாவது தரம் குறைச்ச படமா இருக்கலாம்.

கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா வெளிய துடைச்சுப் பிரயோஜனமில்ல. வெயில் நாள்ல கழட்டிக் காயவச்சு, ஓ-ரிங் (மூடியில இருக்கிற ரப்பர் வளையம்) முறுக்காம இருக்கான்னு பாத்து, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒண்ணு போட்டு மூடுங்க. ரெண்டே நாள்ல திரும்ப வேர்த்தா தண்ணி கேபிள் வழியா இறங்குது. கேமராவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கேபிளை ஒரு ஜாண் கீழ தொங்கவிட்டு 'ப' கவிழ்க்காம ஊஞ்சல் மாதிரி வளைச்சு மேல ஏத்துங்க. மழைத்தண்ணி அந்த வளைவோட அடியிலேயே சொட்டிடும்.