போன் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஆந்திரத்துச் சித்தூரில் வக்கீல். வீட்டில் தமிழ், கோர்ட் வராந்தாவில் தெலுங்கு, மனுவில் இங்கிலீஷ். எங்கள் ஊரில் உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாக ஏதாவது வந்தால் வேலூருக்குத்தான் வண்டி கட்டுவோம்.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பயந்து, எங்களுக்கும் வேலூருக்கும் நடுவே மாநில எல்லையில், பொன்னை சாலையிலும் குடியாத்தம்–பலமநேர் சாலையிலும் குறுக்கே வேலூர் மாவட்ட நிர்வாகம் சுவரே எழுப்பிவிட்டது. சத்தம் கிளம்பியதும் சில நாளில் இடித்தார்கள். அதுவரை மோட்டார் விபத்து நஷ்டஈடு, செக் பவுன்ஸ் என்று என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஒரு கட்சிக்காரர் போன் செய்தார். "மேடம், வேலூர் டாக்டர் வாட்ஸ்அப்பில மருந்துச் சீட்டு அனுப்பியிருக்கார். மெடிக்கல்ல தர மாட்டேங்கறாங்க. இது செல்லுமா, செல்லாதா?"

எனக்குத் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து தேடினேன். செல்லும். சுவருக்கு ஒரு மாதம் முன்னால், மார்ச் 25ஆம் தேதி, போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வந்திருந்தன. பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் நோயாளிக்கும் ஆலோசனை சொல்லலாம். கையெழுத்திட்ட சீட்டைப் படமெடுத்து அனுப்பலாம். பதிவு எண் அதில் இருக்க வேண்டும். சில மருந்துகளை வீடியோவில் முகம் பார்த்த பிறகுதான் எழுதலாம். ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளை எழுதவே கூடாது. செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு ஒத்தாசை செய்யலாம், தானாக மருந்து எழுதக் கூடாது. இதெல்லாம் அன்றைக்கே எழுதிவைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் 2000ஆம் ஆண்டிலேயே அப்போலோ தொலைமருத்துவ மையம் திறந்தது; தொடங்கிவைத்தவர் அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டன். கருவி வந்து இருபது வருஷம் கழித்துத்தான் விதி வந்தது. நடுவில் டாக்டர்களுக்கு ஒரே பயம். போனில் சிகிச்சை சொன்ன ஒரு வழக்கில், நோயாளி இறந்துபோக, 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம் டாக்டர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதற்கப்புறம் யார் போனை எடுப்பார்கள்?

தப்பு நடந்தால் எந்த ஊர் கோர்ட்டுக்குப் போவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். டாக்டர் சென்னையில் இருந்தாலும் சித்தூரில் வழக்குப் போடலாம். அந்தச் சீட்டு வந்த மெசேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

ஆனால் இன்றைக்கு என் வேலையில் பாதி கோர்ட்டே இல்லை. மருத்துவ ஆப் செய்கிற கம்பெனிகளின் ஒப்புதல் படிவங்களைத் திருத்துகிறேன். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலை இங்கிலீஷிலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. ஆந்திரத்தில் இருக்கும் தமிழச்சிக்கும் தமிழில் கிடைக்க வேண்டும். கம்பெனி என்ன செய்கிறது? மெஷினில் போட்டு எடுத்துவிடுகிறது. "கடந்த மருத்துவ வரலாறு" என்று ஒரு கட்டம். எங்கள் தெருப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "வரலாறா? நான் என்ன ராஜா பரம்பரையா?" என்றாள். "இதுக்கு முன்னாடி உடம்புக்கு என்னென்ன வந்திருக்கு" என்று மாற்றினேன். அரை நாள் சண்டைக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

அதே பாட்டி வீடியோவில் டாக்டரம்மாவைப் பார்த்த அன்று நானும் இருந்தேன். பருப்பு டப்பாமேல் சாய்த்துவைத்த போன் சரிந்துகொண்டே இருந்ததால் பேரன் கையில் பிடித்துக்கொண்டான். என்ன செய்கிறது என்று கேட்டால் முட்டி வலி என்றாள். வேறே? முட்டி வலிதான். டாக்டரம்மா கெட்டிக்காரி. "தம்பி, போனைப் பாட்டிகிட்ட குடுத்துட்டு, அவங்க சாப்பிடுற மாத்திரையெல்லாம் எடுத்துட்டு வா" என்றார். பையன் உள்ளே போனதும் பாட்டி போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தும்மினால்கூட மூத்திரம் போய்விடுகிறது, இரண்டு வருஷமாக இப்படித்தான் என்றாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

போன் செய்தது நோயாளி என்றால் ஒப்புதல் கொடுத்ததாகவே விதி எடுத்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்தில் போன் பேரனுடையது, ஓடிபி மகனுக்கு வரும், தொடுதிரையை அழுத்துகிற விரல் மருமகளுடையது.

"தனியாகப் பேச வேண்டுமா?" என்று ஒரு கட்டத்தைப் படிவத்தில் சேர்க்கச் சொன்னேன். எந்தப் பிரிவில் இருக்கிறது மேடம் என்று கேட்டார்கள். எந்தப் பிரிவிலும் இல்லை, போடுங்கள் என்றேன். போட்டார்கள், இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில். முதல் பக்கத்துக்குக் கொண்டுவர இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.