போனில் தெரிவது படம், நேரில் தெரிவது துணி

நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கும் நண்பர்களே, வீட்டிலேயே நேரலை பார்க்க வசதி இருந்தும் இந்த மண்டபத்துக்கு நேரில் வந்து நம் அணிக்கு முதல் வாக்கைப் போட்டுவிட்ட பெரியோர்களே, வணக்கம்.

‘ஃபேஷன் ஷோவை முதன்முதலாகப் பார்க்க நினைப்பவர் பார்க்க வேண்டியது நேரிலா, திரையிலா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி மூன்று குண்டு போட்டுவிட்டுப் போனார். நேரில் போனால் நமக்குக் கிடைப்பது ஓரத்தில் கடைசி வரிசை. அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கி, கால் மணி நேரத்தில் முடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். போனில் பார்த்தால் முன்வரிசை நடிகைக்கே தெரியாத தையல்கூட நமக்குத் தெரியும். நல்ல கைதட்டல் வாங்கினார். முதல் இரண்டை நான் மறுக்கவில்லை. தாமதம் உண்மைதான். கடைசி வரிசையும் உண்மைதான். அந்த மூன்றாவதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.

தி.நகரில் ஜவுளிக்கடைக்குப் போகிறோம். கடைக்காரத் தம்பி புடவையைப் பிரித்து மேசையில் போடுகிறார். நாம் உதட்டைப் பிதுக்குகிறோம். உடனே என்ன செய்கிறார்? மீசை வைத்த மனிதர், கொசுவம் மடித்துத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு நிற்கிறார். ‘பாருங்கம்மா, கட்டினா இப்படித்தான் விழும்.’ அதோடு நாம் விடுகிறோமா? ‘இந்த லைட்ல நிறம் தெரியல’ என்று புடவையோடு அவரையும் வாசல் வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். ஆயிரம் ரூபாய்ப் புடவைக்கு இத்தனை சோதனை செய்கிற ஊரில் வந்து, உலகத்தின் மிகக் கஷ்டமான தையல் வேலையை ஆறு அங்குலக் கண்ணாடியில் பார்த்தால் போதும் என்கிறார் தம்பி. நடுவர் அவர்களே, இவர் வீட்டுக்குப் புடவை எடுப்பது யார் என்று கொஞ்சம் விசாரியுங்கள்.

ஃபேஷன் ஷோ என்ற ஒன்று வந்ததே இந்தத் தோளில் போட்டுக் காட்டுகிற தேவைக்காகத்தான். இங்கிலாந்தில் பிறந்து பாரிஸில் 1858-இல் கடை போட்ட சார்லஸ் ஃப்ரெடரிக் வொர்த், உடைகளை வெறுமனே மரப்பொம்மையில் மாட்டிவைத்து விற்கவில்லை. உயிருள்ள பெண்களுக்கு உடுத்தி வாடிக்கையாளர் முன்னால் நடக்க வைத்தார். அவர் மனைவி மரீ வெர்னேயும் அப்படி உடுத்திக் காட்டியவர்தான். பொம்மை போதும் என்றிருந்தால் வொர்த்துக்குச் செலவு மிச்சம். ஆனால் பாவாடை எப்படிச் சுழலும், உட்கார்ந்தால் எங்கே மடியும், திரும்பினால் முதுகில் எப்படி நிற்கும் என்பதைப் பொம்மையால் சொல்ல முடியாது.

படத்தாலும் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன். மாடல்கள் நடந்து வருகிற நடைமேடை முடிகிற இடத்தில், நேர் எதிரே, படிக்கட்டு போட்டது போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் புகைப்படக்காரர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். மாடல் வந்து அங்கே ஒரு கணம் நிற்பார், அதற்குள் எடுத்துவிட வேண்டும். அதனால் நீங்கள் பார்க்கிற படங்களில் பெரும்பாலானவை ஒரே கோணம், முன்பக்கம் மட்டும். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கோ பக்கத்துத் தையல் தெரியும், முதுகு தெரியும், நடையில் துணி காலைச் சுற்றிக்கொள்வதும் விடுபடுவதும் தெரியும். தம்பி திட்டிய அந்த மட்டமான இடம் இருக்கிறதே, அதுதான் நல்ல இடம்!

என் நாத்தனார் மகள் சென்னையில் ஆடை வடிவமைப்பு படித்தாள். கடைசி ஆண்டில் மாணவர்கள் தாங்கள் தைத்ததை மேடையேற்றுவார்கள், பெற்றோரைக் கூப்பிடுவார்கள். நாங்கள் யாரும் அதற்கு முன் ஃபேஷன் ஷோ பக்கம் போனதில்லை. மாமியாரையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போனோம். நடைமேடை முழுக்க பாலிதீன் தாள் விரித்துக் கிடந்தது. பெயின்ட் காயவில்லை போலிருக்கிறது என்று மாமியார் பார்த்துப் பார்த்து ஒதுங்கி நடந்தார். செருப்புத் தடம் விழாமல் இருப்பதற்காம் அது. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் சுருட்டி எடுத்தார்கள். விளக்கு அணைந்தது. பாட்டு காதில் கேட்கும் முன்பே நாற்காலி அதிர்ந்தது.

ஒரு பட்டுப் பாவாடை வந்தது, மயில்கழுத்து நிறம். தூரத்தில் வரும்போது பச்சை. எங்கள் எதிரில் நீலம். தாண்டிப் போகும்போது மடிப்புக்கு மடிப்பு இரண்டும் மாறி மாறி ஓடியது. நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடையில் ஒரு நிறம் போட்டு நெய்த பட்டு அது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதோ அந்த நூல் மேலே தெரியும். காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வித்தைதான். ஆனால் மடித்துவைத்த புடவையில் மட்டுமே அதைப் பார்த்த எனக்கு, நடக்கும்போது அது இப்படி விளையாடும் என்று தெரியாது. அன்று இரவு என் வீட்டுக்காரர் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். பச்சைப் பாவாடை. அவ்வளவுதான்! விலை உயர்ந்த போன் நடுவர் அவர்களே, அதன் தவணையே இன்னும் முடியவில்லை.

அடுத்து வந்த உடையில் கீழ்விளிம்பு முழுக்கக் கண்ணாடி மணி. பாட்டு நின்ற இடைவெளியில் அது தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. இன்னொரு பெண் திரும்பும்போது இடுப்புக்குப் பின்னால் ஊக்கு பளிச்சென்று தெரிந்தது. மாமியாருக்கு ஒரே சந்தோஷம், ‘நம்மள மாதிரிதான் ஊக்கு குத்தியிருக்கா’ என்றார். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார், ‘ஏண்டி, இந்தப் பொண்ணுங்க எல்லாம் வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்குதுங்களா? ஒருத்தி முகத்துலயும் சிரிப்பைக் காணோமே.’ ஷோ முடிந்ததும் நாத்தனார் மகள்தான் விளக்கினாள். சிரித்தால் பார்ப்பவர் கண் முகத்துக்குப் போய்விடும், உடைக்கு வராது, அதனால்தான் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். மேடைக்குப் பின்னால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித் தாங்கி, அதில் வரிசைப்படி உடைகள், எந்த உடைக்கு எந்தச் செருப்பு என்று புகைப்படம் ஒட்டியிருக்கும், உடை மாற்றிவிட ஆள் நிற்பார் என்றும் சொன்னாள். உடை மாற்றிவிடுகிறவருக்குக் கைதட்டல் ஏன் இல்லை என்று மாமியார் கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

சரி, கல்லூரி ஷோவை விடுங்கள், பெரிய இடத்துக்குப் போவோம். எதிரணி அம்மையார், மாடல் பெல்லா ஹடீட் வீடியோவைப் பற்றி உருகி உருகிப் பேசினார். 2022 செப்டம்பர் 30, பாரிஸில் கோபெர்னி நிறுவனத்தின் ஷோ. உள்ளாடை மட்டும் அணிந்து வந்து நின்ற பெல்லா மேல் வெள்ளைத் திரவத்தைத் தெளிக்கிறார்கள். அது காற்றில் உலர்ந்து இழையாகி உடையாக நிற்கிறது. ஸ்பெயின்காரர் மானெல் டோரெஸ் கண்டுபிடித்த திரவ இழை அது. ‘அரை நிமிட வீடியோவில் சிலிர்த்துவிட்டேன்’ என்றார் அம்மையார். அம்மா, அங்கே நடந்தது அரை நிமிடம் இல்லை. கிட்டத்தட்ட பத்து நிமிடம். முதலில் ஈரம், பிறகு தோல்மேல் படலம், அப்புறம்தான் துணி. ஒரு பெண் வந்து உடையின் தோள் பட்டிகளை இறக்கிவிட்டு, கத்தரியால் கீழே ஒரு பிளவு வெட்டினார். திரவமாக வந்தது கத்தரிக்கு வெட்டுப்படுகிறது, அந்த இடத்தில்தான் அது துணி என்று நிச்சயமாகிறது. ‘இது உடையாகுமா, ஒழுகிவிடுமா’ என்று பத்து நிமிடம் காத்திருந்தவர்கள் அரங்கத்தில் இருந்தவர்கள். உங்களுக்குக் கிடைத்தது விடை மட்டும்.

1947 பிப்ரவரி 12-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரிஸ், அவென்யூ மோன்டெயின் தெரு, ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரின் முதல் ஷோ. போர்க்காலத்தில் துணிக்கு ரேஷன் வைத்து, அளந்து அளந்து தைத்த ஊர். அங்கே சிறுத்த இடையும், கஜக் கணக்கில் துணி விழுங்கிய பாவாடையுமாகப் பெண்கள் சுழன்று வருகிறார்கள். பாவாடை பட்டுப் பார்வையாளர் பக்கத்திலிருந்த சாம்பல் கிண்ணங்கள் உருண்டன என்று சொல்வார்கள். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் கார்மெல் ஸ்னோ அங்கே உட்கார்ந்திருந்தார். அந்தப் பாணிக்கு ‘நியூ லுக்’, அதாவது புதுத் தோற்றம், என்ற பெயர் அவர் வாயிலிருந்து வந்ததுதான். புகைப்படத்தில் பார்த்தால் பெரிய பாவாடை, அழகாக இருக்கிறது. ஆனால் அத்தனை வருடப் பஞ்சத்துக்குப் பிறகு அவ்வளவு துணி முழங்காலை உரசிக்கொண்டு போவது எப்படி இருந்திருக்கும்?

எதிரணி நம்புகிற திரையின் லட்சணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2009 அக்டோபரில் ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீன் தன் ஷோவை இணையத்தில் நேரலையாகக் காட்டினார். பாடகி லேடி காகா ட்விட்டரில் சொன்னார், கூட்டம் குவிந்தது, இணையதளம் படுத்துவிட்டது. அரங்கத்தில் உட்கார்ந்தவர்கள் நிம்மதியாகப் பார்த்தார்கள்.

தம்பி, ‘அது பழைய கதை, இப்போது இணையம் வேகம்’ என்பார். சரி, 2020-க்கு வருவோம். கொரோனா வந்தது. அந்த ஜூலையில் பாரிஸின் ஓட் கூட்டூர், அதாவது உயர்ரகக் கைத்தையல் உடைகளின், வாரம் இணையத்துக்குப் போனது. நம் லாக்மே ஃபேஷன் வீக்கும் அந்த அக்டோபரில் இணையத்தில்தான் நடந்தது. மண்டப வாடகை இல்லை, நாற்காலி இல்லை, விமான டிக்கெட் இல்லை. வியாபாரிக்கு இதைவிட லாபம் உண்டா? திரை போதும் என்றால் அப்படியே இருந்திருப்பார்கள் அல்லவா? கட்டுப்பாடு தளர்ந்ததும் அடித்துப் பிடித்து அரங்கத்துக்குத்தான் திரும்பினார்கள். 2023 மார்ச்சில் டியோர் நிறுவனம் மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால், நம் ஊர்க் கைவினைப் பெண்கள் எம்பிராய்டரி செய்த பிரம்மாண்டத் தோரணத்தைக் கட்டி, ஆட்களை அழைத்து உட்கார வைத்து ஷோ நடத்தியது. காசை எண்ணிச் செலவழிக்கிற கம்பெனிகள் அவை. ஆசைக்காகச் செய்யவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், பார்த்தேன். ஒரே ஒரு பதில் பாக்கி. ‘நமக்கு யார் அழைப்பிதழ் தருவார்கள்?’ என்று கேட்டார் தம்பி. பாரிஸில் தரமாட்டார்கள்தான். அதற்கு ஏன் பாரிஸ்? தரமணியில் நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்லூரி 1995 முதல் இருக்கிறது, கோவையிலும் திருப்பூரிலும் ஆடை வடிவமைப்பு சொல்லித்தரும் கல்லூரிகள் இருக்கின்றன. தெரிந்த பிள்ளை யாராவது படித்தால் கடைசி ஆண்டு ஷோ எப்போது என்று கேட்டு வையுங்கள். நடைமேடையின் எதிர்முனை இடத்துக்கு முண்டியடிக்காமல் ஓரத்தில் உட்காருங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். எல்லா மாடலும் வரிசையாக ஒருமுறை வந்து போன பிறகு, தைத்த பிள்ளை கண்ணெல்லாம் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப்பார்த்துக் கும்பிடும், அதுவரை எழுந்திருக்காதீர்கள். எப்படியும் தாமதமாகத்தான் தொடங்குவார்கள், அதனால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.